கரண்ட் பில்லில் வரியா, கடை பில்லில் வரியா? கலிஃபோர்னியா நகர மெஷர்களில் முடிவெடுப்பது எப்படி

"கவர்னர், செனட்டர் எல்லாம் முடிவு பண்ணியாச்சு. கடைசிப் பக்கத்துல சிட்டி மெஷர்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன போடுறது?" தபால் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்ததும் நம்மவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். மெஷர் என்பது ஆளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இல்லை, ஒரு வரியையோ சட்டத்தையோ வைக்கலாமா என்று வாக்காளர்களிடம் நேரடியாகக் கேட்டு, "ஆம்" அல்லது "இல்லை" போடச் சொல்லும் கேள்வி. கரண்ட், கேஸ், போன் பில்களின் மேல் வரி போடலாமா என்று கேட்கும் மெஷர் என்றால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒருபக்கம் நூலகம் மூடப்படும், தீயணைப்பு வண்டி தாமதமாக வரும் என்று துண்டறிக்கை வருகிறது. மறுபக்கம், ஏற்கெனவே எகிறிக் கிடக்கும் மின்கட்டணத்தின் மேல் இன்னொரு சுமையா என்கிறார்கள். பலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே உறையை ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். உங்கள் தெருவையும் பூங்காவையும் நேரடியாகத் தொடும் முடிவு அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. சில நூறு வாக்குகளில் முடிவு மாறுவதும் அங்கேதான்.

முதலில் இந்த வரி என்னவென்று பார்ப்போம். ஆங்கிலத்தில் யூட்டிலிட்டி யூசர்ஸ் டாக்ஸ். இங்கே யூட்டிலிட்டி வரி என்று சுருக்கிக்கொள்கிறேன். மின்சாரம், எரிவாயு, போன், கேபிள், சில ஊர்களில் தண்ணீர் ஆகியவற்றுக்கு நீங்கள் கட்டும் தொகையில் ஒரு சதவீதம் நகர நிர்வாகத்துக்குப் போகிறது. வசூலித்துக் கொடுப்பது மின் நிறுவனமோ போன் நிறுவனமோதான். பிஜி&இ (மின்சாரமும் எரிவாயுவும் தரும் நிறுவனம்) பில்லைப் பிரித்து, கட்டண விவரம் இருக்கும் பக்கத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். எனர்ஜி கமிஷன் டாக்ஸ் என்று சில காசுகள் இருக்கும். அதையொட்டி உங்கள் ஊர்ப் பெயருடன் யூட்டிலிட்டி யூசர்ஸ் டாக்ஸ் என்றும் அடைப்புக்குறிக்குள் சதவீதமும் இருந்தால், உங்கள் ஊரில் இந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. சன்னிவேலில் 2%, குபெர்டினோவில் 2.4%, மவுண்டன் வியூவில் 3%, ஓக்லண்டிலும் பெர்க்லியிலும் 7.5%, தெற்கே கல்வர் சிட்டியில் 11%. ஃப்ரீமான்டிலும் சான்டா கிளாரா நகரிலும் இந்த வரியே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் வீட்டு மின்சாரத்துக்குக் கிடையாது, வணிகத்துக்குத்தான்.

ஒவ்வொரு ஊரும் ஏன் இப்படி வெவ்வேறு வழியில் காசு தேடுகிறது? 1978-ல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-வது முன்மொழிவு (ப்ராப் 13) சொத்து வரியை மதிப்பில் 1% என்று கட்டிப்போட்டது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2%-க்கு மேல் ஏறக்கூடாது. அந்த 1%-ஐயும் பள்ளிகள், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), நகரம் எல்லாம் பிரித்துக்கொள்கின்றன. சம்பளமும் ஓய்வூதியமும் அதைவிட வேகமாக ஏறுகின்றன. 1996-ல் 218-வது முன்மொழிவு வந்தபிறகு, எந்த உள்ளூர் வரிக்கும் வாக்காளர்களின் சம்மதம் தேவை. அதனால்தான் பற்றாக்குறை வரும்போதெல்லாம் கேள்வி உங்கள் வாக்குச்சீட்டுக்கு வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, யார் கட்டுகிறார்கள்: வாடகைதாரரா, வீட்டுக்காரரா, கடைக்காரரா, வெளியூரிலிருந்து வந்து போகிறவரா? இரண்டாவது, உங்களைக் கேட்காமலே வரி வளருமா? மூன்றாவது, மந்தநிலை வந்தாலும் வருமானம் நிற்குமா? நான்காவது, பணம் எங்கே போகும் என்பதற்குச் சட்டப்படி பிடி இருக்கிறதா? ஐந்தாவது, பிடிக்கவில்லை என்றால் வெளியே வர வழி இருக்கிறதா, அதாவது காலக்கெடு உண்டா?

இதில் நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "பொது வரி" என்றால் பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும். ஆனால் அந்தப் பணத்தை நகர மன்றம் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். "சிறப்பு வரி" என்றால் இன்ன காரியத்துக்குத்தான் என்று கட்டுப்பாடு உண்டு. நகர மன்றமே அதை வாக்குக்கு விட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். (மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் சிறப்பு வரிக்குப் பெரும்பான்மையே போதும் என்று 2017-க்குப் பிறகு நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன.) யூட்டிலிட்டி வரி மெஷர்கள் பெரும்பாலும் பொது வரிகள்தான். துண்டறிக்கையில் தீயணைப்பு வண்டிப் படம் இருந்தாலும், தீயணைப்புக்குத்தான் செலவாகும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

## தேர்வு 1: யூட்டிலிட்டி வரி

யார் கட்டுவது. ஊரில் மீட்டர் வைத்திருக்கும் எல்லோரும். வாக்குரிமை இல்லாத, எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பமும் கட்டும், நாற்பது வருடமாக அங்கேயே இருக்கும் வீட்டுக்காரரும் கட்டுவார். புதிதாக வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1985-ல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் சொத்து வரியாக உங்களில் ஒரு சிறு பங்குதான் கட்டுவார். ஆனால் இந்த வரியில் இருவருக்கும் ஒரே சதவீதம். கடைகளும் அலுவலகங்களும் கணிசமாகப் பங்கு தருகின்றன. அதேசமயம், வரிசையாக ஃப்ரீசர் ஓடும் ஒரு இந்திய மளிகைக் கடைக்கு மின்கட்டணம் சின்னத் தொகை இல்லை. அதன் மேல் ஏறும் வரி கடைசியில் தோசை மாவின் விலையிலும் கொஞ்சம் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் கரண்ட் 220 டாலர், கேஸ் 60, போன் பில்லில் வரிக்குரிய பகுதி 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 320. 5% வரி என்றால் மாதம் 16 டாலர், வருடத்துக்கு 192. உங்கள் பில்லையும் உங்கள் ஊர் சதவீதத்தையும் வைத்து இதையே போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மறைந்திருக்கும் செலவு. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சதவீதம் மாறாமல் இருந்தாலும் வரி வளரும். மின் நிறுவனம் கட்டணத்தை 30% ஏற்றினால், மேலே சொன்ன 220 டாலர் 286 ஆகும். கரண்ட்டுக்கான வரியும் 11 டாலரிலிருந்து 14.30 ஆகும். அந்த உயர்வுக்கு யாரும் உங்களிடம் வாக்குக் கேட்கவில்லை. கட்டணம் ஏறும் ஒவ்வொரு முறையும் நகரத்தின் பங்கும் சேர்ந்து ஏறுகிறது.

இரண்டாவது, மின்சாரக் கார். பெட்ரோலுக்கு நகரத்தின் யூட்டிலிட்டி வரி கிடையாது. வீட்டில் சார்ஜ் போடும் மின்சாரத்துக்கு உண்டு. கேஸ் அடுப்பையும் ஹீட்டரையும் எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறச் சொல்லும் அதே நகரம், மாறியவரின் பில்லில் கூடுதல் வரி எடுக்கிறது. மொட்டை மாடியில் சோலார் வைத்திருப்பவருக்கு பில் குறைவு, வரியும் குறைவு. சோலார் வைக்க வழியில்லாத அபார்ட்மென்ட் வாடகைதாரர் முழுதாகக் கட்டுவார். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்துகிறது. எரிவாயுவுக்கு ஒரு விகிதம், மின்சாரத்துக்கு அதைவிடக் குறைந்த விகிதம் என்று நகரங்கள் வைத்தால் கொஞ்சம் சரியாகும். பெரும்பாலான மெஷர்கள் அப்படி எழுதப்படுவதில்லை.

மூன்றாவது, "வரி விகிதத்தைக் குறைக்கிறோம்" என்று வரும் மெஷர்கள். லாஸ் ஏஞ்சலஸ் 2008 பிப்ரவரியில் மெஷர் எஸ் மூலம் போன் வரியை 10%-லிருந்து 9% ஆக்கியது. சான் ஹோசே அதே ஆண்டு நவம்பரில் 5%-ஐ 4.5% ஆக்கியது. விகிதம் குறைந்தது உண்மை. கூடவே, பழைய சட்டத்தின் பிடியில் சரியாகச் சிக்காத புதுவகைத் தொலைத்தொடர்புச் சேவைகளும் வரிக்குள் வந்தன. இது தப்பான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. லேண்ட்லைன் வைத்திருக்கும் தாத்தா மட்டும் வரி கட்டி, செயலி வழியாகப் பேசுகிறவர் கட்டாமல் போவதைவிட இது நியாயமானது. ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எந்தெந்தச் சேவைக்கு வரி என்ற பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள்.

சில ஊர்களில் பெரிய நுகர்வோருக்கு உச்சவரம்பு உண்டு. வருடத்துக்கு இவ்வளவு கட்டியாயிற்று என்றால் அதற்கு மேல் கிடையாது. அது தொழிற்சாலைக்கும் தரவு மையத்துக்கும் கிடைக்கும் சலுகை, வீட்டுக்காரருக்கு ஒருநாளும் அந்த வரம்பு எட்டாது. சட்ட வாசகத்தில் அப்படி ஓர் உச்சவரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

நிலைத்தன்மை. மந்தநிலை வந்தாலும் ஃப்ரிட்ஜ் ஓடும், விளக்கு எரியும். அதனால் மின்சாரப் பங்கு உறுதியானது. போன், கேபிள் பங்கு அப்படியில்லை. கேபிளைத் துண்டிக்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இணைய இணைப்புக்கு எந்த உள்ளூர் அரசும் வரி போடக்கூடாது என்று 1998-ல் வந்த கூட்டரசுச் சட்டம் 2016-ல் நிரந்தரமாகிவிட்டது. ஆகவே உங்கள் மொபைல் பில்லில் டேட்டாவுக்கு இந்த வரி இல்லை, பேச்சுச் சேவைக்கு உண்டு. பேச்சுக்கான பங்கு சுருங்கச் சுருங்க அந்த வருமானமும் சுருங்குகிறது.

விலக்கு. லாஸ் ஏஞ்சலஸில் 62 வயதைத் தாண்டிய அல்லது மாற்றுத்திறனாளியான, வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். சில ஊர்களில், வருமானம் குறைந்தவர்களுக்கான மின் நிறுவனத்தின் கேர் (CARE) சலுகைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்குத் தருகிறார்கள். உங்கள் ஊர் மெஷரில் எந்த விலக்கும் இல்லையென்றால் அதை ஒரு பெரிய குறையாக நான் எண்ணுவேன்.

எப்போது இது நல்ல தேர்வு. ஊரில் பெரிய கடைத்தெருவோ மாலோ இல்லாமல் விற்பனை வரி பெரிதாக வராத இடங்களில். அலுவலகக் கட்டடங்கள் நிறைந்து, சுமையில் பெரும்பங்கை அவை ஏற்கும் ஊர்களில். விகிதம் 2%, 3% என்று தாழ்வாக இருந்து, ஏழைகளுக்கு விலக்கும் இருக்கும்போது.

## தேர்வு 2: விற்பனை வரி

யார் கட்டுவது. ஊரில் பொருள் வாங்கும் எல்லோரும், வெளியூர்க்காரர்களும் சேர்த்து. அதுதான் இதன் பெரிய கவர்ச்சி. வீட்டுக்கு வாங்கும் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கும் மருந்துச்சீட்டு மருந்துக்கும் கலிஃபோர்னியாவில் விற்பனை வரி இல்லை. அரிசி, பருப்பு, காய்கறிக்கு வரி ஏறாது. உணவகச் சாப்பாடு, துணி, லேப்டாப், சோபா எல்லாவற்றுக்கும் ஏறும்.

வருடத்துக்கு 20,000 டாலருக்கு வரிக்குரிய பொருள் வாங்கும் குடும்பத்துக்கு அரை சதவீத உயர்வு என்றால் 100 டாலர். மேலே சொன்ன 5% யூட்டிலிட்டி வரியில் ஏறக்குறைய பாதி. ஆனால் 40,000 டாலரில் கார் வாங்கும் வருடம் அதற்கு மட்டும் இன்னொரு 200. பக்கத்து ஊர் டீலரிடம் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. காருக்கு வரி அது பதிவாகும் முகவரியின் விகிதப்படிதான்.

மறைந்திருக்கும் செலவு. மாநில அடிப்படை விகிதம் 7.25%. அதன் மேல் கவுன்ட்டி, போக்குவரத்து, நகரம் என்று ஒவ்வொருவரும் ஒரு கால், ஒரு அரை என்று அடுக்குகிறார்கள். ஓக்லண்டில் 2025 ஏப்ரலில் பத்து வருடத்துக்கு அரை சதவீதம் கூட்டினார்கள். சான்டா கிளாரா கவுன்ட்டியில் 2025 நவம்பரில் ஐந்து வருடத்துக்கு 0.625% கூட்ட வாக்காளர்கள் சம்மதித்தார்கள். உள்ளூர் அடுக்குக்கு மொத்தம் 2% என்று மாநிலச் சட்டத்தில் ஒரு உச்சவரம்பு உண்டு, ஆனால் சட்டமன்றம் அடிக்கடி விதிவிலக்குத் தருகிறது. உங்கள் ஊரில் தனியாகப் பார்த்தால் கால் சதவீதம்தான். அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். வருமானம் குறைந்த குடும்பம் தன் சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது, வசதியானவர் சேமிக்கிறார். அதனால் இந்த வரி ஏழைக்கே விகிதத்தில் அதிகம் கடிக்கும்.

நிலைத்தன்மை. பொருளாதாரம் தும்மினால் இந்த வருமானம் படுத்துவிடும். 2023-ல் குபெர்டினோவுக்கு வந்த அதிர்ச்சி இன்னொரு வகை. மாநில வரித்துறையின் தணிக்கையால், பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த விற்பனை வரிப் பங்கில் மிகப் பெரிய பகுதி இனி வராது என்று தெரிந்து, நகரம் செலவுகளை வெட்ட வேண்டியதாயிற்று. அது அடிப்படை விகிதத்திலிருந்து ஊருக்குக் கிடைக்கும் 1% பங்கைப் பற்றிய விவகாரம். அந்தப் பங்கு விற்பனை எங்கே பதிவாகிறதோ அந்த ஊருக்குப் போகும். வாக்காளர்கள் கூடுதலாகச் சம்மதிக்கும் கால், அரை சதவீதம் வேறு. அது பொருள் எங்கே வந்து சேருகிறதோ அந்த ஊருக்கு வரும். அமேசான் பெட்டி உங்கள் வாசலில் இறங்கினால் அந்தக் காசு உங்கள் ஊருக்குத்தான். இந்த வித்தியாசம் தெரியாமல், "ஆன்லைனில் வாங்குகிற காலத்தில் விற்பனை வரி எதற்கு உதவும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடுதல் விகிதம் நன்றாகவே உதவும்.

எப்போது இது நல்ல தேர்வு. மால், கார் ஷோரூம், உணவகத் தெரு என்று வெளியூர்க் காசு நிறைய வரும் ஊரில். அடுக்கு ஏற்கெனவே 10%-ஐத் தாண்டாத இடத்தில்.

## தேர்வு 3: பார்சல் வரி

பார்சல் என்றால் இங்கே மனை. ஒவ்வொரு மனைக்கும் ஒரு நிலையான தொகை, சொத்து வரி பில்லிலேயே சேர்ந்து வரும். பள்ளி மாவட்டங்கள் அதிகம் கையாளும் வழி இது. நகரங்களும் நூலகம், தீயணைப்பு போன்றவற்றுக்குக் கேட்கின்றன. இது சிறப்பு வரி. பணம் எங்கே போகும் என்ற பிடி நான்கு வழிகளில் இதில்தான் உறுதி.

மறைந்திருக்கும் விஷயம், "மனைக்கு இவ்வளவு" என்ற அந்தச் சொற்றொடருக்குள் இருக்கிறது. ஒரு சின்ன காண்டோ (அடுக்குமாடியில் சொந்த வீடு) தனி மனை. ஒரு முழு ஷாப்பிங் மாலும் ஒரே மனையாக இருக்கலாம். தட்டையாக 150 டாலர் என்றால் இருவருக்கும் அதே 150. சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டிருந்தால் நியாயம் கூடும். வாடகைதாரருக்கு நேரடி பில் வராது, அடுத்த குத்தகைப் புதுப்பிப்பில் தெரியலாம். 65 வயதைத் தாண்டிய வீட்டுக்காரருக்கு விலக்கு உண்டா என்று பாருங்கள். ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அப்பா, அம்மாவின் வயது இதில் உதவாது. விலக்கு பொதுவாக அங்கே குடியிருக்கும் உரிமையாளருக்குத்தான்.

ஒரே ஒரு காரியத்துக்குப் பணம் வேண்டும், அது அந்தக் காரியத்துக்கே போக வேண்டும் என்று நீங்கள் உறுதியாக நினைத்தால் இதுதான் சரி.

## தேர்வு 4: வீடு கைமாறும்போது வரி

சாசன நகரங்களால், அதாவது தமக்கென்று சொந்தச் சாசனம் (சார்ட்டர்) வைத்திருக்கும் ஊர்களால் மட்டும், பெரிய விகிதத்தில் போட முடிந்த வழி. மாநிலத்தின் பொதுச் சட்டப்படி நடக்கும் குபெர்டினோ போன்ற நகரங்களால் முடியாது. சான் ஹோசேயில் 2020 மார்ச்சில் 2 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட விற்பனைகளுக்குக் கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 2022-ல் 5 மில்லியனுக்கு மேல் 4%, 10 மில்லியனுக்கு மேல் 5.5% என்று வைத்தார்கள். வசதியானவரிடமிருந்து வருவதால் பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் சிலிக்கன் பள்ளத்தாக்கில் 2 மில்லியன் என்பது இப்போது சாதாரண வீட்டு விலை. வட்டி ஏறி விற்பனை நின்றால் வருமானமும் நின்றுவிடும். போலீஸ்காரர் சம்பளத்தை இதை நம்பி எழுத முடியாது.

## தேர்வு 5: எல்லாவற்றுக்கும் "இல்லை"

இதுவும் ஒரு தேர்வுதான், இதற்கும் விலை உண்டு. சியரா மாட்ரே என்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே மலையடிவாரத்தில் சுமார் 11,000 பேர் வாழும் சிற்றூர். கடைத்தெரு சின்னது, விற்பனை வரி பெரிதாக வராது. உயர்த்தி வைத்திருந்த யூட்டிலிட்டி வரியை நீட்டிக்க 2012-லும் 2014-லும் வாக்காளர்கள் மறுத்தார்கள். விகிதம் படிப்படியாக 6%-க்கு இறங்கியது. ஊரின் சொந்தப் போலீஸ் துறையை மூடிவிட்டு கவுன்ட்டி ஷெரிஃபிடம் ஒப்படைக்கலாமா என்ற பேச்சு வந்தது. 2016-ல் அதே வாக்காளர்கள் 10%-க்குத் திரும்பச் சம்மதித்தார்கள். 2018-ல் வரியை அடியோடு நீக்கச் சொல்லி வந்த மெஷரையும் தோற்கடித்தார்கள். அதே கவுன்ட்டியில் இருக்கும் கிளென்டேலிலும் 2016-ல் இப்படி ஒரு ரத்து முயற்சி தோற்றது.

"இல்லை" வென்ற ஊர்களில் வெட்டு எங்கே விழும்? போலீசையும் தீயணைப்பையும் தாமே நடத்தும் பெரும்பாலான நகரங்களில் பொது நிதியில் பாதிக்கு மேல் போலீசுக்கும் தீயணைப்புக்கும் போகிறது. அதைத் தொடத் தயங்குவார்கள். முதலில் அடிபடுவது நூலக நேரம், மூத்தோர் மையம், பூங்காப் பராமரிப்பு, சாலை. நம் தாய் தந்தையர் ஆறு மாதம் வந்து தங்கும்போது பகலில் போய் உட்கார இடம் தருவது அந்த நூலகமும் பூங்காவும்தான். சாலை விஷயத்தில் கணக்கு இன்னும் மோசம். விரிசல் விட்டதும் அடைப்பது மலிவு. அடித்தளம் போனபின் பெயர்த்துப் போடப் பல மடங்கு ஆகும். இன்று மிச்சம் பிடித்த வரியை நாளை அதிகமாகக் கட்டுவோம். இன்னொன்று, சேவைக்கான செலவை மிஞ்சாதவரை கட்டணங்களை வாக்கில்லாமலே நகர மன்றம் ஏற்றலாம். குழந்தையின் நீச்சல் வகுப்பு, வீட்டு விரிவாக்க அனுமதி என்று அது வேறு கதவு வழியாக வரும்.

அப்படியும் "இல்லை" போட நல்ல காரணங்கள் உண்டு. நகரத்திடம் கையிருப்பு ஏராளமாக இருந்து, ஐந்தாண்டு முன்கணிப்பில் பற்றாக்குறை தெளிவாகத் தெரியாவிட்டால். போன முறை சம்மதித்த வரியில் சொன்ன சாலை இன்னும் போடப்படாவிட்டால். விலக்கும் இல்லாமல் காலக்கெடுவும் இல்லாமல் உயர்ந்த விகிதத்தில் கேட்டால். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் நான் "இல்லை" போடுவேன். நகரத்தின் ஆண்டு நிதி அறிக்கையும் முன்கணிப்பும் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். முன்கணிப்பின் சுருக்கப் பக்கத்தைப் படித்தாலே போதும்.

## ஒரு பார்வையில்

| | யூட்டிலிட்டி வரி | விற்பனை வரி | பார்சல் வரி | கைமாற்று வரி |
|---|---|---|---|---|
| கட்டுபவர் | ஊரில் மீட்டர் உள்ள எல்லோரும் | ஊராரும் வெளியூராரும் | நில உரிமையாளர் | விற்பவர், வாங்குபவர் |
| கேட்காமல் வளருமா | கட்டணம் ஏறினால் வளரும் | விலைவாசியோடு வளரும் | பெரும்பாலும் நிலையானது | வீட்டு விலையோடு வளரும் |
| மந்தநிலையில் | மின்சாரப் பங்கு நிற்கும் | சரியும் | நிற்கும் | கடுமையாகச் சரியும் |
| செலவில் பிடி | பொதுவாக இல்லை | மெஷரைப் பொறுத்தது | உண்டு | மெஷரைப் பொறுத்தது |
| வாடகைதாரருக்கு | நேரடிச் சுமை | நேரடிச் சுமை | மறைமுகம் | மிகக் குறைவு |

## உங்கள் வாக்குச்சீட்டில் எந்த வகை வந்திருக்கிறது

யூட்டிலிட்டி வரி மெஷர் என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு கேள்விகள் வரும். பதிலும் மாறும்.

இருக்கும் வரியை அதே விகிதத்தில் நீட்டிக்கும் மெஷர் என்றால், வலுவான எதிர்க் காரணம் இல்லாதவரை "ஆம்" என்பேன். அந்தப் பணத்தை நம்பி ஏற்கெனவே ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். இந்த மெஷரால் உங்கள் பில் ஒரு காசு கூட ஏறப்போவதில்லை.

நவீனமாக்கும் மெஷர், அதாவது புதுவகைத் தொலைத்தொடர்புச் சேவைகளையும் வரிக்குள் கொண்டுவருவது என்றால் சேவைப் பட்டியலைப் படித்துவிட்டு, விகிதம் ஏறவில்லை என்றால் "ஆம்".

உயர்த்தும் அல்லது புதிதாகப் போடும் மெஷர்தான் உண்மையில் கடினம். ஆல்பனி நகரம் 2020-ல் மின்சாரம், எரிவாயு விகிதத்தை 7%-லிருந்து 9.5% ஆக்கி, தண்ணீருக்கும் 7.5% சேர்த்தது. வாக்காளர்கள் சம்மதித்தார்கள். கடைகள் குறைந்த சிற்றூருக்கு வேறு வழி குறைவு என்பது புரிகிறது. ஆனால் இப்போதைய மின்கட்டணத்தில் அப்படி ஒரு மெஷர் என் முன்னால் வந்தால், வருமானம் குறைந்தவருக்கு விலக்கும் பத்து வருடத்துக்கு மேற்படாத காலக்கெடுவும் இருந்தால்தான் சம்மதிப்பேன். வாடகைதாரர் என்றால் இன்னும் கறாராக இருங்கள். சோலார் வைக்கும் வழி உங்களுக்கு இல்லை, சுமை முழுதும் உங்கள் மீட்டரில்தான்.

ரத்து செய்யும் மெஷரில் கவனம். அதில் "ஆம்" என்றால் வரி போய்விடும், "இல்லை" என்றால் வரி இருக்கும். மாற்று வருமானம் என்ன என்பதை ரத்து கேட்பவர்கள் எண்களோடு சொல்லாவிட்டால் நான் "இல்லை" போடுவேன்.

மின் நிறுவனத்தை நகரமே நடத்தும் ஊர்களில் இன்னொன்றையும் பாருங்கள். பாலோ ஆல்டோவில் யூட்டிலிட்டி வரியும் உண்டு. கூடவே, நகரின் எரிவாயு வருமானத்தில் 18% வரை பொது நிதிக்கு மாற்றலாம் என்று 2022-ல் மெஷர் எல் மூலம் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அது பில்லில் தனி வரியாகத் தெரியாது, கட்டணத்துக்குள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இரண்டையும் கூட்டித்தான் உங்கள் சுமையைக் கணக்கிட வேண்டும்.

முடிவெடுக்கும்முன் வாக்குச்சீட்டுக் கேள்வியைச் சொல்சொல்லாகப் படியுங்கள். மொத்தமே 75 சொற்கள்தான் அனுமதி. வரி விகிதம், வருடத்துக்கு எவ்வளவு வரும், எத்தனை வருடம் என்ற மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும் என்பது 2018-லிருந்து சட்டம். "வாக்காளர்கள் முடிவுக்குக் கொண்டுவரும்வரை" என்று இருந்தால் காலக்கெடு கிடையாது. பிறகு கவுன்ட்டி வழிகாட்டியில் நகர வழக்கறிஞரின் நடுநிலை விளக்கத்தைப் பாருங்கள், ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை அப்புறம். சான்டா கிளாரா கவுன்ட்டியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வதற்குத் தமிழிலும் மாதிரி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம். குறியிட வேண்டியது உங்கள் அசல் சீட்டில்தான்.